தவிர்க்கொணாக் கைகலப்பும் தற்காப்பு நெறியும்

சண்டையைக் குறிக்கத் தமிழிலே சொற்கள் பல உள. அமர், சமர், செரு, பூசல், மல் என்பன இலக்கிய வழக்கில் நிற்க, சச்சரவு, அடிதடி, கைகலப்பு என்பன உலக வழக்கில் உலவுகின்றன. கல்லூரிகளுக்கிடையே நிகழும் கிறிக்கெற் ஆட்டத்தினையும் 'சமர்' என்றழைத்து மகிழ்வோர் நாம். இத்துணைச் சொல்வளம் இருந்தும், தன்மேற் கைவைக்க வருபவன் ஒருவன் எதிரே நிற்கும்போது மாணாக்கன் யாது செய்தல் வேண்டும் என்னும் வினாவுக்கு மாத்திரம் நம் பாடசாலைகளிலே விடை கூறுவாரில்லை. வகுப்பறையிற் கூறாத விடையைச் சினிமா கூறுகின்றது, தெருச்சந்தி கூறுகின்றது, கைத்தொலைபேசித் திரை கூறுகின்றது. அவ்விடைகள் நம் பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் விடுகின்றன என்பதனை நாளிதழ் படிப்போர் யாவரும் அறிவர். 2009இற் போர் ஓய்ந்த பின்னரும் 'வாள்வெட்டு' என்னும் சொல் வடபுலத்துப் பத்திரிகைகளினின்றும் நீங்கவில்லை. அத்தகைய பகைகளுட் சில, பள்ளிப் பருவத்துச் சிறு பூசலிலே வித்தூன்றியவை என்பதனை மறுப்பதற்கில்லை.

இலக்கணமும் இலக்கியமும் கற்பிப்பார்க்கு இப்பொருள் ஏற்புடைத்தோ எனச் சிலர் வினவுதல் கூடும். தொல்காப்பியனார் பொருளதிகாரத்திலே அகத்தோடு புறத்தையும் ஒப்பவைத்து, வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை எனப் போரினைத் திணை வகுத்துரைத்தார். திணை என்பதற்கு ஒழுக்கம் என்றே உரையாசிரியர் பொருள் கூறுவர். எனவே, போரிடுவார்க்கும் ஓர் ஒழுக்கம் உண்டு என்பது நம் முன்னோர் கண்ட முடிபு. ஊறு செய்யத் தகாதாரை முன்னறிவித்து விலக்கிய பின்னரே அம்பு தொடுக்கும் மரபினை, முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய நெட்டிமையார் புறநானூற்றின் 9ஆம் பாட்டிலே போற்றுகின்றார். பாரதத்திலே துரியோதனனை வீமன் தொடையில் அடித்து வீழ்த்தியபோது, கதாயுத்தத்தில் உந்திக்குக் கீழ் அடித்தல் முறையன்று எனப் பலராமன் வெகுண்டெழுந்த வரலாற்றைச் சிறுவரும் அறிவர். ஆகலின், சண்டையைப் பற்றிப் பேசுதல் வேறு, சண்டைக்குத் தூண்டுதல் வேறு. முன்னதைச் செய்யாது விடுவோமாயின், பின்னதைச் செய்வாரிடம் நம் மாணாக்கரை ஒப்படைத்தவர்களாவோம்.

பெரியோர் இப்பொழுது இளைஞர்க்கு வழங்கும் அறிவுரைகள் இரண்டே. ஒருசாரார், "என்ன நேரினும் கை ஓங்காதே" என்பர். மற்றொரு சாரார், "வாங்கியதை வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடு" என்பர். முன்னையது நல்லெண்ணத்தாற் பிறந்தது. ஆயினும், மூவர் சூழ்ந்துகொண்டு அடிக்கும்போது அடிபடுபவனுக்கு அது யாதொரு துணையும் செய்வதன்று. பின்னையது வீரம் போலத் தோன்றும். ஆயினும், எங்கே நிறுத்துவது என்பதனை அது கூறுவதில்லை. வட்டிக்கு வட்டி என வளரும் கடன்போல அது வளர்ந்து, ஈற்றில் இரு குடும்பத்தையும் அழித்தே ஓயும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நெறி ஒன்று உண்டு என்பதே நமது துணிபு.

முதற்கண், தவிர்க்கொணாதது எது என்பதனை வரையறுத்தல் வேண்டும். இவ்விடத்தைவிட்டு நீங்க வழியுண்டோ? சொல்லால் இதனைத் தீர்க்க இயலுமோ? எதிரி கேட்பது பணமோ, கைத்தொலைபேசியோ, சைக்கிளோ ஆயின், அதனைக் கொடுத்துவிட்டால் விலகுவானோ? இம்மூன்று வினாக்களுள் ஒன்றுக்கேனும் 'ஆம்' என்பது விடையாயின் அச்சண்டை தவிர்க்கக் கூடியதே. மூன்றுக்கும் 'இல்லை' என்பது விடையாகும்போதும், நாம் விலகினால் நம்மோடு வந்த சிறியவனோ மெலியவனோ அடிபடுவான் என்னும்போதுமே அது தவிர்க்கொணாததாகின்றது. தந்தை பெயரை இழுத்தான், ஊரைப் பழித்தான், கல்லூரியைப் பழித்தான், முறைத்துப் பார்த்தான் என்னும் காரணங்களுள் ஒன்றேனும் இவ்வரையறையுள் அடங்காமை காண்க. பழிச்சொல் எலும்பை முறிப்பதில்லை. கல்லூரியின் பெயரைக் காப்பதற்கென அடிபிடிப்படுபவன், அடுத்த நாட் காலையிலே அப்பெயரைப் பொலிஸ் நிலையப் பதிவேட்டில் ஏற்றிவிடுகின்றான்.

வள்ளுவனார் அறத்துப்பாலிலே பொறையுடைமை, வெகுளாமை, இன்னாசெய்யாமை என அதிகாரங்கள் வகுத்தார். அவரே பொருட்பாலின் 48, 49, 50ஆம் அதிகாரங்களாக வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்பவற்றை வைத்தார். பொறுமையைப் போற்றிய புலவர், தன் வலியும் மாற்றான் வலியும் அளந்தறியாது வினையில் இறங்குவாரை எச்சரிக்கவும் மறந்தாரல்லர். காந்தியடிகள் 1927ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது அவரை நம் முன்னோர் எதிர்கொண்டு வரவேற்றனர். அப்பெருமகனாரும், கோழைமையும் வன்முறையும் என இரண்டே வழிகள் எஞ்சுமாயின் கோழைமையை விடுத்து வன்முறையையே பரிந்துரைப்பார் என்னும் கருத்தை, 1920ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்து 'யங் இந்தியா' இதழில் எழுதினார். அதே கட்டுரையில் அகிம்சையே அவற்றினும் மேலானது என நிறுவியதனையும் நாம் மறத்தலாகாது. அச்சத்தால் அடங்கியிருத்தல் அகிம்சை ஆகாது என்பதே அவர் உணர்த்திய வேறுபாடு.

இனி, நாட்டின் சட்டம் கூறுவதையும் நோக்குவோம். 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக் கோவையின் 89 முதல் 99 வரையுள்ள பிரிவுகள் தற்காப்புரிமை பற்றியன. தன் உடலை மாத்திரமன்றிப் பிறன் உடலைக் காத்தற்கும் அவை உரிமை அளிக்கின்றன. ஆயினும் அவ்வுரிமைக்கு எல்லைகள் உள. அதிகாரிகளின் பாதுகாப்பை நாடுதற்கு நேரம் இருந்ததாயின் அவ்வுரிமை இல்லை. காத்தற்கு வேண்டிய அளவினும் மிகுதியாக ஊறு செய்தற்கும் உரிமை இல்லை. ஆபத்து உண்டு என்னும் நியாயமான அச்சம் தோன்றும்போது அவ்வுரிமை தோன்றுகின்றது. அவ்வச்சம் நீங்கும்போது அதுவும் நீங்குகின்றது. ஆகவே, ஓடுகின்றவனைத் துரத்திச் சென்று அடிப்பவனும், விழுந்து கிடப்பவனை உதைப்பவனும், மறுநாள் நண்பரைக் கூட்டிக்கொண்டு சென்று காத்து நிற்பவனும் தற்காப்புச் செய்தவராகார். தாமே குற்றம் புரிந்தவராவர். எலும்போ பல்லோ முறியுமாயின் அது சட்டத்தின் கண்ணிலே கடுங்காயம் என்பதனையும் இளைஞர் அறிந்திருத்தல் நன்று.

நிற்க. சண்டை நேரத்திலே உடலில் நிகழ்வன யாவை என்பதனை அறியாமையே பலரை நிலைகுலையச் செய்கின்றது. ஆபத்தைக் கண்டவுடன் சிறுநீரகங்களின்மேல் அமைந்துள்ள சுரப்பிகள் அட்ரினலினைக் குருதியிற் கலக்கின்றன. நெஞ்சு படபடக்கின்றது, வாய் உலர்கின்றது, கைகால் நடுங்குகின்றன. பக்கத்தே உள்ளவற்றைக் காணாதவாறு பார்வை ஒடுங்குகின்றது; செவியும் மந்தமாகின்றது. இவற்றைக் கண்டு, 'நான் கோழை' என எண்ணுபவன் ஏமாறுகின்றான். நடுக்கம் கோழைமையின் அறிகுறியன்று. உடல் தன்னைக் காக்க முனைந்ததன் அறிகுறியேயாம். மூச்சை மெல்ல நீள வெளிவிடுதலும், தலையைத் திருப்பி இருபுறமும் நோக்குதலும் அந்நிலையைத் தணிக்கும் எளிய வழிகள். பக்கத்தே நோக்குபவன் தப்பிச்செல்லும் வழியையும் காண்பான். எதிரியின் தோழன் பின்புறமாக வருவதனையும் காண்பான்.

கைகலக்குமுன் செய்யத்தக்கன மூன்று. முதலாவது தூரம். எதிரி கைநீட்டித் தொடவியலாத தொலைவில் நிற்பவன் எளிதில் அடிபடான். இடையே ஒரு மேசையோ, சைக்கிளோ, வாகனமோ இருப்பின் இன்னும் நன்று. இரண்டாவது கை. விரல்களை மடக்காது, உள்ளங்கை எதிரியை நோக்க, இரு கைகளையும் மார்பளவில் உயர்த்தி நிற்றல் வேண்டும். "எனக்குச் சண்டை வேண்டாம்" என்று அந்நிலை பார்ப்போர்க்கெல்லாம் சான்று கூறும். அடி வருமாயின் முகத்தைக் காத்தற்கும் அதுவே அணிமையானது. மூன்றாவது வாக்கு. குரலைத் தாழ்த்திப் பேசுக. எதிரியின் தாயையும் தந்தையையும் சுட்டாது பேசுக. அவன் தன் மானத்துக்கு இழுக்கின்றித் திரும்பிச் செல்ல ஒரு வழியை விடுக. சண்டைக்காரனைப் பெரும்பாலும் பிடித்து நிறுத்துவது அவன் சினமன்று. சுற்றி நின்று பார்க்கும் கூட்டமே. கூட்டம் இல்லாத இடத்துக்கு அவன் தோழன் ஒருவன் அவனை அழைத்துச் செல்வானாயின், சண்டைகளிற் பாதி அவ்வளவில் முடிந்துவிடும்.

இவை யாவும் பயனின்றி அடி விழத் தொடங்குமாயின், அப்பொழுது நோக்கம் ஒன்றே: தலையைக் காத்து, நின்ற காலிலே நின்று, அவ்விடத்தைவிட்டு நீங்குதல். வெல்லுதல் நோக்கமன்று. நாடியை மார்போடு தாழ்த்துக; முழங்கைகள் முகத்துக்கு முன் வருக; ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக ஊன்றி நிற்க. நேரே பின்வாங்குபவன் கால் இடறி விழுவான். பக்கவாட்டில் விலகுபவன் தப்புவான். விலக இடமில்லையாயின், தூர நின்று மாறிமாறிக் குத்துதலினும், நெருங்கி எதிரியின் கைகளோடு உடலைக் கட்டிப் பிடித்தல் நன்று. நெருக்கத்தில் வீசும் கைக்கு விசை இல்லை. தள்ளிவிட்டு ஓடுவதற்கு ஒரு கணம் கிடைக்குமாயின் ஓடுக. ஓடுதலை இழிவாக எண்ணுவார்க்கு நாம் கூறுவது ஒன்றே: வீட்டிலே தாய் காத்திருப்பது மகனுக்காக, அவன் வென்றானோ தோற்றானோ என்னும் செய்திக்காக அன்று.

ஒருவரன்றிப் பலர் வரின், சூழ்ந்துகொள்ள இடங்கொடாது வெளிச்சமும் ஆட்களும் உள்ள இடத்தை நோக்கி ஓடுதலே முறை. ஓடும்போது வாயடைத்து ஓடாது உரத்துக் கூவுக. கடைக்குட் புகுக, கோயிலுட் புகுக, அறிமுகமில்லாத வீட்டுப் படலையாயினும் தட்டுக. எதிரியின் கையிற் கத்தியோ வாளோ போத்தலோ இருக்குமாயின், சினிமாவிலே கண்டதுபோல் அதனைப் பறிக்க முனைதல் உயிரைப் பணயம் வைப்பதாகும். கேட்பதைக் கொடுத்துவிட்டு நீங்குக. நீங்க இயலாவிடின் இடையே ஏதேனும் ஒரு பொருளை வைத்து நிற்க. கதிரையும் புத்தகப் பையும் அவ்வேளையிலே கேடயமாகும். கத்தியாற் குத்துண்ட பலர் அதனைக் குத்து என்றே உணராது, கையால் இடித்தான் என எண்ணியிருந்ததனை வைத்தியர் அறிவர். ஆதலால், தப்பி வந்தபின் ஆடையை நீக்கி உடல் முழுவதையும் பார்த்தல் வேண்டும்.

விழுதலும் ஒரு கலை. கானோ ஜிகோரோ 1882ஆம் ஆண்டு தோக்கியோவிலே யூடோ என்னும் மற்கலையைத் தோற்றுவித்தபோது, அடிபடாமல் விழும் முறையையும் அதன் அடிப்படைப் பாடங்களுள் ஒன்றாக்கினார். பிறனை வீழ்த்தும் முறையைக் கற்குமுன் தான் விழும் முறையை மாணாக்கன் கற்கின்றான். பின்புறம் விழும்போது நாடியை மார்போடு சேர்த்தால் பிடரி தரையில் மோதாது. விழுந்தபின் பக்கவாட்டிலே திரும்பி, இரு கைகளாலும் தலையையும் கழுத்தையும் மூடி, கால்களை எதிரியின் பக்கமாக வைத்து, முதல் வாய்ப்பிலேயே எழுந்துவிடல் வேண்டும். நம் நாட்டிலே சிலம்பமும் சீனடியும் பயிற்றிய அண்ணாவிமாரும் கால்நிலையை முதலிற் கற்பித்துக் கைவீச்சைப் பின்னரே கற்பித்தனர். தம் கலையைச் சந்தியிலே காட்டும் மாணாக்கனை அவர்கள் மதித்தாரல்லர்.

இவ்வளவு வற்புறுத்துதற்குக் காரணம் உண்டு. கைகலப்பிலே உயிர் போவது பெரும்பாலும் குத்தின் வலிமையால் அன்று. குத்துண்டவன் விழுந்து தலை தரையில் மோதுவதாலேயே. மணற்றரையில் விழுபவன் எழுவான். சீமெந்துத் தரையிலும், தார் வீதியின் ஓரக் கல்லிலும் விழுபவன் எழாமலும் போவான். கன்னப்பொறியின் எலும்பு மெல்லியது. அதன் உட்புறமாகக் குருதிநாளம் ஒன்று செல்கின்றது. எலும்பு வெடித்து அந்நாளம் கிழியுமாயின் மூளைக்கும் மண்டையோட்டுக்கும் இடையே குருதி திரளும். இதிலே கொடியது யாதெனின், அடிபட்டவன் சிறிது மயங்கித் தெளிந்து, நன்றாகப் பேசி, நடந்து வீடு சென்று, "ஒன்றுமில்லை" எனக் கூறிப் படுத்துவிடுதலும் உண்டு; சில மணிநேரத்தின் பின்னரே நினைவு மயங்கும். வரவரக் கூடும் தலையிடி, மீண்டும் மீண்டும் வாந்தி, மிகுந்த உறக்கம், பேச்சுக் குழறல், கை கால் சோர்தல், வலிப்பு, இரு கண்மணிகளும் அளவு வேறுபடுதல் ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினும் ஒரு கணமும் தாழ்க்காது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் 'சுவசெரிய' நோயாளர் வண்டி கட்டணமின்றி வரும். சண்டையை மறைத்தற்காகப் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் மாணாக்கர் வாய் திறவாதிருக்கும் அந்த ஓர் இரவே ஓர் உயிரின் விலையாகிவிடுதல் கூடும்.

அடித்தவனும் ஊறுபடாது தப்புவதில்லை. மனிதக் கையிலே 27 எலும்புகள் உள. அவை யாவும் சிறியன. மண்டையோடோ தடித்தது. முட்டியால் முகத்திற் குத்துபவனுடைய சுண்டுவிரலின் அடியெலும்பு முறிதல் மிகச் சாதாரணம். எதிரியின் பல் பட்டு முட்டியிலே கீறல் விழுமாயின், அது சிறிதெனினும் வைத்தியரிடம் காட்டல் வேண்டும். வாயிலுள்ள கிருமிகள் மூட்டினுட் புகுந்து விரலையே பயனற்றதாக்கிவிடும். ஏற்புவலித் தடுப்பூசி வேண்டுமோ என்பதனையும் அப்பொழுதே கேட்டறிக. பல் வேரோடு கழன்று விழுமாயின், அதன் வேரைத் தொடாது மேற்பாகத்தைப் பிடித்தெடுத்து, பாலிலே இட்டு, ஒரு மணி நேரத்துள், இயன்றால் அரை மணியுள், பல்வைத்தியரை அடைந்தால் அதனை மீண்டும் பொருத்துதற்கு வாய்ப்புண்டு. இத்துணைச் சிறு செய்தி தெரியாமையால் வாழ்நாள் முழுவதும் பொய்ப்பல் கட்டி வாழ்வாரும் உளர்.

எதிரி அடங்கியவுடன் அடங்குதலே தற்காப்பின் முடிவும் அதன் அறமுமாம். அவன் விழுந்தான், விலகினான், கை தாழ்த்தினான் எனக் கண்ட கணத்திலேயே நம் கையும் தாழ்தல் வேண்டும். அவன் எழாது கிடப்பானாயின் அவனுக்கு வைத்திய உதவி தேடுவதும் நம் கடனே. முதலில் நாமே சென்று ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ பொலிசாரிடமோ நடந்தவாறு உரைப்பது அறிவுடைமை. மறைப்பவன் சொல்லைப் பின்னர் எவரும் நம்பார். அடுத்த நாட் பழிவாங்கலுக்குத் தோழரைத் திரட்டுபவன், தற்காத்துப் பெற்ற நியாயத்தைத் தானே வீசியெறிகின்றான்.

சுற்றி நிற்போரைப் பற்றியும் ஒரு சொல். இக்காலத்திலே சண்டை தொடங்கியதும் இருவர் கை கலக்க இருபது பேர் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடிக்கின்றனர். படம் பிடித்துப் பரப்புவோர், அடிபட்டவன் மானத்தை ஊரறிய விற்று, அவனைப் பழிவாங்கலுக்குத் துரத்துகின்றனர். அதே கருவியால் 119இற்கு அழைத்துப் பொலிசாரை வருவித்திருக்கலாமே என எண்ணுவாரில்லை. விலக்குவோர் ஒருவராகச் சென்று இடையிற் புகாது, இருவர் மூவராகச் சேர்ந்து, இரு பக்கத்தாரையும் ஒரே வேளையில் விலக்குதல் வேண்டும். ஒருவனை மாத்திரம் பிடித்து வைத்தல் மற்றவனுக்கு அவனை அடிக்கக் கட்டிக் கொடுப்பதாகும்.

இனி, ஆசிரியர்களாகிய நமக்குரிய பகுதிக்கு வருவோம். சண்டை என்றதும் இருவரையும் ஒக்கத் தண்டித்தல் பல பாடசாலைகளில் வழக்கமாகியுள்ளது. விசாரணைக்கு நேரமின்மையும், பெற்றோரின் முறைப்பாட்டுக்கு அஞ்சுதலும் அதற்குக் காரணம். நாம் முன்னர்ப் பணியாற்றிய பாடசாலை ஒன்றிலே, தண்ணீர்க் குழாயடியில் மேல்வகுப்பு மாணாக்கன் ஒருவன் சிறியவன் ஒருவனைப் பிடரியில் இருமுறை அறைந்தான். மூன்றாம் முறை கையோங்கியபோது சிறியவன் அவனைத் தள்ளினான். பெரியவன் ஈரத்தில் வழுக்கி விழ, உதடு வெடித்தது. இருவருக்கும் ஒரு வாரத் தடை விதிக்கப்பட்டது. தடை முடிந்து வந்த சிறியவன் நம்மிடம் கேட்டான்: "சேர், அடி வாங்கினாலும் தடை, தடுத்தாலும் தடை என்றால், அடுத்தமுறை நான் முதலில் அடித்தால் என்ன?" அவ்வினாவிலே சினம் இல்லை, கணக்கே இருந்தது. கணக்கும் பிழையற்றதாகவே இருந்தது. சமமான தண்டனை நடுவுநிலைமை போலத் தோன்றினும், அது முதலில் அடிப்பவனுக்கே ஊதியம் தருவது. தொடங்கியவன் யார், விலக வழியிருந்தும் விலகாதவன் யார், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாதவன் யார் என்னும் மூன்று வினாக்களையும் கேட்டறிந்த பின்னரே தண்டித்தல் வேண்டும். அதற்கு ஒரு பிற்பகல் செல்லுமாயின் செல்லட்டும்.

பழைய மாணவர்க்கும் விண்ணப்பம் ஒன்று உண்டு. விழா விருந்துகளிலே பழங்கதை பேசும்போது, அக்காலத்து அடிதடிகள் வீரகதைகளாகின்றன. மதிலேறிக் குதித்ததும், எதிர்க் கல்லூரியின் கொடியைப் பறித்ததும், இன்னாருடைய மூக்கை உடைத்ததும் நகைச்சுவையோடு கூறப்படுகின்றன. உடைந்த மூக்குக்கு உரியவர் அவ்விருந்திலே இல்லை என்பதனை எவரும் எண்ணுவதில்லை. அருகே நின்று பரிமாறும் இளைய மாணாக்கன் அதனைக் கேட்டு, கல்லூரிப் பற்று என்பது இதுவே எனக் கருதிக்கொள்கின்றான். அடுத்த பெரும் போட்டி நாளிலே அவன் கையிற் கம்பு இருக்குமாயின், அதிலே நமக்கும் பங்குண்டு. சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருத மற்போரைச் சாத்தந்தையார் புறநானூற்றிலே பாடினார். அது ஊரறிய, ஒருவனோடு ஒருவன், படைக்கலமின்றிப் பொருத போர். கூட்டமாகச் சென்று ஒருவனை அடித்ததைப் பாடிய புலவர் எவரையும் நாம் அறியோம்.

ஆதலின், செயலளவில் நான்கு கூறுகின்றோம். உடற்கல்விப் பாடத்திலே ஆண்டுக்குச் சில மணி நேரமேனும் விழும் முறையும், தலை காக்கும் முறையும், பிடியினின்று விடுபடும் முறையும் பயிற்றப்படுக. 9ஆம் தரம் முதலாகத் தலைக்காயத்தின் அறிகுறிகளும் முதலுதவியும் யாவர்க்கும் கற்பிக்கப்படுக. ஒழுக்க விசாரணையிலே மேற்கூறிய மூன்று வினாக்களும் எழுத்திற் பதியப்படுக. பெரும் போட்டி நாட்களிலே பழைய மாணவர் இருவர் இருவராக மைதானத்தின் வாயில்களிலும் பஸ் தரிப்பிடங்களிலும் நின்று, சச்சரவு முளைக்கும்போதே கிள்ளுக. நம் புதல்வியர் பயிலும் பாடசாலைகளிலும் இப்பயிற்சி வேண்டற்பாலது. அவர்க்கு இதன் தேவை ஆண்மக்களினும் குறைந்ததன்று.

விளையாட்டு அறையிலே இப்பொழுது கிறிக்கெற் மட்டைகள் உள, உதைபந்துகள் உள, விழுந்து பழகுதற்கு ஒரு மெத்தை விரிப்பு இல்லை. விழா நினைவாக நுழைவாயில் வளைவு அமைப்பதா, மண்டபத்துக்கு வர்ணம் தீட்டுவதா எனச் சங்கத்தார் ஆராய்வதாக அறிகின்றோம். அவற்றோடு பத்து விரிப்புகளும், அவற்றிலே பயிற்றத் தகுந்த ஒருவரும் கிடைப்பாராயின், வளைவின்கீழ் நுழையும் பிள்ளைகள் மாலையிலே முழு உடலோடு வீடு திரும்புதற்கு அது உறுதுணையாகும். விரிப்புகளுக்கான முதற் பணத்தை ஆசிரியர் அறையிலே திரட்டித் தர நாம் ஆயத்தமாயுள்ளோம். எஞ்சியதைப் பழைய மாணவர் ஏற்றருளுக.